இளைப்பாறுகிறவள்

தம்பி,

இந்த எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. வழக்கமாக எங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிற பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாருக்கு வயது போய்க் கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பாய். இது அவருடைய எழுத்தல்ல, என்னுடையது. உறையின் மேலே விலாசத்தையும் நானே எழுதப்போகிறேன். இது கொழும்புக்கு உன் கைக்கு வந்து சேர்ந்தால், என் எழுத்தை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது என்று வைத்துக்கொள். வரிகள் மேலே ஏறியும் கீழே சரிந்தும் போவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பாதிக் காரணம் என் விரல். அறுபது வயது வரைக்கும் மண்வெட்டிப் பிடியை மட்டுமே பிடித்த விரல், பேனைக்கட்டையையும் அதே பலத்தோடு நெரிக்கிறது. இரண்டு முனை உடைந்துவிட்டது. மற்றப் பாதிக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இவ்வளவு எழுதவே எனக்கு ஒரு நாள் போய்விட்டது. ஒரு சொல்லை எழுதி முடித்து, அதைத் திரும்ப வாசித்து, அது நான் நினைத்த சொல்லாகவே இருப்பதைக் கண்டு சிரித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறேன். உன் அம்மா என்னைப் பார்த்து, "உவர் என்ன, தனக்குத் தானே பகிடி விட்டுச் சிரிக்கிறார்?" என்கிறாள்.

உன் கடிதம் ஆனி பிறந்து மூன்றாம் நாள் வந்தது. வழக்கம் உனக்குத் தெரியும். கடிதம் வந்தால் சட்டம்பியாருக்கு ஆள் அனுப்புவோம். அவர் வந்து விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்து, கண்ணாடியைத் துடைத்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி வாசிப்பார். அம்மாவும் மருமகள் பவளமும் கதவடியில் நின்று கேட்பார்கள். இந்தத் தரம் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலே போய், வைக்கோலில் இருந்து, விரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்து நானே வாசித்தேன். முதல் நான்கு வரி வரைக்கும் எனக்கு வந்த சந்தோசத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்துக் காணாது. என் மகன் என்னோடு கதைக்கிறான், நடுவிலே ஒருவரும் இல்லை! அதற்குப் பிறகு வந்ததை வாசிக்க வாசிக்க, தம்பி, எனக்குக் களைத்துப் போயிற்று. வாசித்து முடித்து எழும்பி வந்தபோது பவளம் குசினி வாசலில் நின்றாள். கடித உறையின் எழுத்தை அவள் தூரத்திலேயே மட்டுக்கட்டியிருப்பாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, "சுகமாமோ மாமா?" என்று மட்டும் கேட்டாள். "ஓம் பிள்ளை, சுகமாம்" என்றேன். எழுத்துப் படித்த பிறகு நான் செய்த முதல் வேலை அந்தப் பொய் தான்.

நீ எழுதியதைத் திரும்பச் சொல்கிறேன், நான் சரியாக வாசித்தேனா என்று பார். காலையும் மாலையும் குழாயடியில் தண்ணீர் பிடித்து வருகிறாய். கந்தோர் வேலை முடிந்து வரும்போது மீனும் மரக்கறியும் வாங்கி வருகிறாய். பால் காய்ச்சுகிறாய். பிள்ளையை ஆட்டுகிறாய். விளக்குத் துடைக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கிறாய். பவளத்துக்குச் சுகமில்லாத நாளில் சோறும் வடித்திருக்கிறாய். ஏழு வேலை. உன் கந்தோரில் இருக்கிற எவனும் இதில் ஒன்றுகூடச் செய்வதில்லை. இவ்வளவு செய்தும் அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தைப்பொங்கலுக்கு என்று பிள்ளையோடு வந்தவள் ஆனி பிறந்தும் திரும்பவில்லை. கடைசியில் எழுதினாய்: "அப்பு, நீங்கள் ஊரிலே பத்துக் கிணற்றுக்கு முறை தீர்த்தவர். எங்களுக்கும் தீர்த்துச் சொல்லுங்கள். பிழை என்னிலே என்றால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். பிழை அவளிலே என்றால் அவளாக வரட்டும்." சட்டம்பியார் வாசிப்பார் என்று தெரிந்துகொண்டுதான் அந்த ஏழையும் ஒவ்வொன்றாக எழுதினாய் என்று நினைக்கிறேன். அவள் கதவடியில் நின்று அதை இன்னொருவரின் வாயால் கேட்க வேண்டும் என்று விரும்பினாய். நான் எழுதப் படித்தது உனக்குத் தெரியாது. அது நல்லதாய்ப் போயிற்று.

நான் முறை தீர்த்தவன் என்பது உண்மை தான். பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள், எந்த மரத்து நிழல் எந்த வரம்பைத் தொடும்வரைக்கும் ஒருவன் இறைக்கலாம் என்பதிலே சண்டை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் என் வீட்டிலே எப்படித் தீர்த்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பிறந்த வருசம் நானும் கந்தையா அண்ணையும் எங்கள் கிணற்றில் சேர்ந்து இறைத்தோம். நீ பார்த்து வளர்ந்த வேலை தான், என்றாலும் எழுதிப் பார்க்க எனக்கு ஆசை. ஒருவன் துலாவின் மேலே ஏறி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். மற்றவன் கிணற்றடியில் நின்று பட்டையை இறக்கி, நிரம்பி வந்த தண்ணீரை வாய்க்காலில் கவிழ்க்க வேண்டும். துலாவில் நடக்கிறவன் உரத்த குரலில் எண்ணிக்கொண்டு போவான். நூறு பட்டை ஆனதும் மேலே நின்றவன் இறங்க, கீழே நின்றவன் ஏறுவான். நூறென்றால் நூறு. தொண்ணூற்றொன்பதில் நான் இறங்கியதும் இல்லை, கந்தையா அண்ணையை இறங்க விட்டதும் இல்லை. மூன்றாவது ஆள் உன் அம்மா. அவள் பயிருக்குள்ளே நின்று தண்ணீர் மாறினாள். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறந்துவிடுவது அவள் வேலை. அவளுக்கு எண்ணிக்கை இல்லை, மாற்று ஆளும் இல்லை. பார்க்கிறவனுக்கு அவள் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உனக்கு ஐந்து மாதம் நடக்கிறபோது அவள் திரும்பவும் தோட்டத்துக்கு வந்தாள். வரம்போரத்துப் பூவரசில் ஏணை கட்டி உன்னை அதிலே போட்டுவிட்டுத் தண்ணீர் மாறுவாள். இறைப்பு முடிந்தால் நான் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துப் படுப்பேன். அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை வைப்பாள். ஒரு நாள் கிணற்றடியில் நாங்கள் கால் கழுவிக்கொண்டு நிற்கும்போது கேட்டாள்: "இஞ்சாருங்கோ, நான் சமைச்சு முடியுமட்டும் பிள்ளையை ஒருக்கால் வைச்சிருக்கிறியளோ? நாரி விட்டுப்போச்சு, நிமிரேலாமல் கிடக்கு." நான் சொன்ன மறுமொழி இது: "துலா மிதிச்ச எனக்கல்லோ நாரி விடவேணும். நீ காலமையிலையிருந்து நிண்ட இடத்திலை நிண்டு இளைப்பாறினனி தானே." கந்தையா அண்ணை சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த நேரத்தில் நான் என்னை நல்ல புருசன் என்றுதான் நினைத்திருந்தேன். கள்ளுத் தவறணைக்குப் போவதில்லை, கை நீட்டுவதில்லை, விறகு கொத்திக் கொடுப்பேன், வெள்ளிக்கிழமையில் முற்றம் கூட்டுவேன். கந்தையா அண்ணையோடும் என் தகப்பனோடும் என்னை வைத்துப் பார்த்தால் நான் எவ்வளவோ மேல். அவள் என்னைக் கந்தையா அண்ணையோடு வைத்துப் பார்க்கவில்லை, தன்னோடு வைத்துப் பார்த்தாள் என்பது எனக்கு ஓடவில்லை. உன் கடிதத்தில் கந்தோர்காரரைப் பற்றி வாசித்தபோது தான், ஆளாளுக்கு அளவுகோல் வேறாக இருந்தால் வழக்கு எப்படித் தீரும் என்று நினைத்தேன்.

அடுத்த மாசம் என் காலிலே மண்வெட்டி பட்டது. துலா ஏற முடியாது. கந்தையா அண்ணை தன் மச்சானைக் கூட்டி வந்தார். நான் பெரிய மனதோடு உன் அம்மாவிடம் சொன்னேன்: "நீ வீட்டிலை நில்லு, நெல்லு அவிக்கிறதெண்டால் அவி. நான் தண்ணி மாறுறன். பிள்ளையையும் விட்டிட்டுப் போ. இண்டைக்கு நான் இளைப்பாறுறன்." அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். முதல் நாற்பது பட்டை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு நீ அழத் தொடங்கினாய். ஏணையை ஆட்டிவிட்டு வந்தேன். திரும்ப அழுதாய். எறும்பு ஏதும் கடித்ததோ என்று தூக்கிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. துலாவின் மேலிருந்து கந்தையா அண்ணையின் மச்சான் கத்தினான்: "அண்ணை, பாத்தியைப் பாருங்கோ! என்ன, நித்திரையோ?" ஓடிப் போனேன். நிறைந்த பாத்தி வரம்பை உடைத்துக்கொண்டு அடுத்ததுக்குள்ளே பாய்ந்து, அது அதற்கடுத்ததையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மூன்று நாளைக்கு முன் உன் அம்மா குனிந்து நின்று நட்ட வெங்காயம் மூன்று பாத்தி, வேரோடு மிதந்து வாய்க்கால் முடக்கில் குவிந்து கிடந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்காலளவு சேற்றில் நின்றேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த வேலையில் ஒரு கண்ணிமைப்புக்கும் லீவு கிடையாது என்று. துலா மிதிக்கிறவனுக்கு உடம்பு நோகும், ஆனால் நூறு வந்தால் முடியும். தண்ணீர் மாறுகிறவளுக்கு ஒரு கண் இந்தப் பாத்தியில், ஒரு கண் அடுத்ததில், காது ஏணையில். அதற்கு நூறு வருவதே இல்லை.

அதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு நாள் கணக்காக இருந்து இதை எழுத வேண்டிய தேவையில்லை. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். இரண்டு ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் சொன்னேன்: "நீ கட்டின வரம்பு இளகிக் கிடந்தது. பார், என்ன செய்து வைச்சிருக்கிறாய்." கந்தையா அண்ணை வேறு பக்கம் பார்த்தார். அவள் குனிந்து உடைந்த வரம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மிதந்த வெங்காயத்தைப் பொறுக்கி, நல்லதைத் தெரிந்து, பின்னேரம் முழுக்க இருந்து திரும்ப நட்டாள். உன்னை முதுகில் துணியாலே கட்டியிருந்தாள். பத்துக் கிணற்றுக்கு நியாயம் தீர்த்தவன், வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்து, காலை நீட்டிக்கொண்டு, சோற்றுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. நீ சின்னனில் கேட்டிருப்பாய், ஆனால் அதன் உள் விசயம் உனக்குத் தெரிந்திராது. நெல்லுக் குத்தி வேர்த்து வழியும்போது, என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்டால், "நான் இளைப்பாறுறன்" என்பாள். உன் தங்கச்சி அம்மை போட்டுக் கிடந்து, அவள் எட்டு நாள் கண்ணை மூடாமல் வேப்பிலை விசிறியபோதும் எட்டிப் பார்க்க வந்தவர்களிடம் அதையே சொன்னாள். கேட்கிறவர்கள் அவளைப் பகிடிக்காரி என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு எழும்பி வெளியே போய்விடுவேன். இருபத்தெட்டு வருசம் அந்த ஒரு சொல் இந்த வீட்டுக்குள்ளே நடந்து திரிந்தது, தம்பி. அதைத் தாண்டித் தாண்டி நடந்து எனக்கும் அவளுக்கும் கால் ஓய்ந்துவிட்டது.

இப்போது நான் எழுதப் படித்த கதைக்கு வருகிறேன். பவளம் வந்து இரண்டு கிழமையில் ஒரு நாள், நான் மருந்துப் போத்திலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் எழுத்தைப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள். சிரிக்கவில்லை. உன்னுடைய பழைய சிலேட்டை அட்டாளையில் இருந்து எடுத்துத் துடைத்து, "மாமா, ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துப் போதும்" என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லாத நேரம், பொழுதுபோக்காகச் சொல்லித் தருகிறாள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படியே நினைத்தேன். ஒரு நாள் ழகரத்தை வரிசையாகப் பத்துத் தரம் எழுதச் சொன்னாள். நான் எழுதி முடித்து நிமிர்ந்தேன், ஆள் இல்லை. காத்திருந்து, பழைய பழக்கத்தில், அடுத்த பாடத்தில் எண்ணத் தொடங்கினேன். பத்து எழுத்து எழுதி முடிக்கிற நேரத்துக்குள்ளே அவள் ஆறு தரம் எழும்பினாள். காய்கிற மிளகாயில் ஆடு வாய் வைக்கப் பார்த்தது ஒன்று. பால் பொங்கப் போனது ஒன்று. பிள்ளை ஏணையில் சிணுங்கியது இரண்டு, இறக்கி விட்டதும் தவழ்ந்து படிக்குப் போனது இரண்டு. இருந்த நேரத்திலும் அவள் பெருவிரலில் ஏணைக் கயிறு, மடியில் கீரை. "மாமா, சுழியை உள்ளுக்கை கொண்டு போங்கோ" என்று சொல்லும்போதும் அவள் கண் முற்றத்தில் தான். நான் சிலேட்டைக் கீழே வைத்தேன். உன் அம்மா குசினிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? எழுதுங்கோ. பவளம் இளைப்பாறுறாள் தானே" என்றாள். நான் படித்த எழுத்து ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணுக்கு இல்லாத நேரத்திலிருந்து எடுத்தது. ஒரே பிழையை ஒரே வீட்டில் இரண்டாம் தரமும் செய்தேன், கிழவனாகிய பிறகும்.

அன்றைக்கு நான் பவளத்திடம் கொழும்பைப் பற்றிக் கேட்டேன். அவள் உன்னைக் குறை சொல்வாள் என்று நினைக்காதே. "அவர் செய்யாமலில்லை மாமா. சொன்னால் எல்லாம் செய்வார். ஆனால் நான் சொல்ல வேணும். குடத்திலை தண்ணி முடியப்போகுதெண்டு நான் தான் நினைக்க வேணும், பாலுக்கு நேரமாச்செண்டு நான் தான் நினைக்க வேணும். செய்து முடிச்சிட்டு என்ரை முகத்தைப் பார்ப்பார், பள்ளிக்கூடத்திலை கணக்குச் செய்து காட்டிற பிள்ளை மாதிரி. ஒரு நாள் எனக்குக் களைச்சுப்போச்சு. இண்டைக்கு ஒண்டும் சொல்லமாட்டன், பாப்பம் எண்டு இருந்தன். குடம் வெறுமையாய்க் கிடந்தது. அவர் பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தார். தண்ணி இல்லையோ எண்டு என்னைத்தான் கேட்டார்." இவ்வளவும் சொல்லிவிட்டு, உனக்குக் கந்தோரில் வேலை கூட என்றும், நீ மெலிந்து போயிருப்பாய் என்றும் சொன்னாள். உன் ஏழு வேலையையும் நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ நன்றாகத் துலா மிதிக்கிறாய். என்னிலும் மேல். ஆனால் பாத்தி பார்க்கிறது யார் என்று உன் பட்டியலில் நான் இரண்டு தரம் தேடினேன். அந்த வரி இல்லை.

மூன்று நாளைக்கு முன், வெங்காயப் பாத்தி வரைக்கும் எழுதியதை உன் அம்மாவைக் கூப்பிட்டு இருத்தி வாசித்துக் காட்டினேன். வரம்பைப் பற்றிய பொய்யை வாசிக்கும்போது நானே எழுதிய எழுத்து எனக்கே விளங்கவில்லை. அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "உது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "எப்பிடித் தெரியும்?" "இளகின வரம்பெண்டால் கரைஞ்சு போகும். உது மேலாலை வழிஞ்சு உடைஞ்சது. பாத்தால் தெரியாதே?" "தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் பேசாமலிருந்தாய்?" சுளகை ஒரு தரம் தட்டினாள். "நீங்கள் சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பிறகு பாக்கிறதை விட்டிட்டன். வேலை கூடினதெண்டு நான் ஒரு நாளும் அழேல்லை. செய்யிறதை இளைப்பாறுறதெண்டு சொன்னியளே, அதுதான் ஆறேல்லை." அரிசிக்குள் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "உவ்வளவு வடிவாய் எழுதுறியள். இருபத்தெட்டு வருசத்துக்கு முதல் படிச்சிருக்கலாம்" என்றாள். அவள் அன்றைக்குப் பின்னேரம், யாரோ கேட்டதற்கு, "முதுகு நோகுது, கொஞ்சம் சாயப் போறன்" என்று சொல்லிவிட்டுப் பாயில் படுத்தாள். அந்தப் பழைய சொல்லைச் சொல்லவில்லை. நான் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே, தம்பி, நீ கேட்ட தீர்ப்பை நான் தரமாட்டேன். பிழை யாரில் என்று தீர்த்து, அதன்படி ஒருவர் ரெயில் ஏறுவது என்றால், நீங்கள் இரண்டு பேரும் என்னைப் போலத்தான் கிழடாவீர்கள். ஒருவரில் ஒருவர் பிழை கண்டு, சத்தமில்லாமல், ஒரு சொல்லைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டு. அவளாக வரட்டும் என்று எழுதினாயே, அதுவும் அவளுடைய பங்கிலே இன்னொரு வேலை. நீ வா. ஏழு வேலையைச் சொல்ல வராதே. நிற்கிற நாட்களில், ஒரு நாள், காலமை தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும், ஒருவரையும் ஒன்றும் கேளாமல் உன் மகளை நீ பார். அவள் எப்போது பசிப்பாள், எந்தப் பக்கம் தவழ்வாள், பால் எங்கே இருக்கிறது என்பதை நீயே நினை. அதற்குப் பிறகு பவளத்தின் முகத்தைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கே தெரியும். நான் அன்றைக்குச் சேற்றில் நின்றபோது எனக்கும் தெரிந்தது; வாயைத்தான் திறக்கவில்லை. உன் கடிதத்தை மடித்துக் கூரைக் கிடுகுக்குள் செருகி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கூரை வேய்வார்கள். கிடுகைப் பிரித்தால் அது பவளத்தின் காலடியில் தான் விழும். அதற்கு முதல் நீயே வந்து எடுத்துக்கொள். எடுத்துக் கிழிக்கிறதோ, அவளிடம் காட்டி மன்னிப்புக் கேட்கிறதோ உன் விருப்பம்.

எழுத்துச் சரிவதற்கு மற்றப் பாதிக் காரணம் சொல்வதாகச் சொன்னேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்மாவையும் பவளத்தையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். போக மனமில்லாமல் படலை வரைக்கும் போய் இரண்டு தரம் திரும்பி வந்தார்கள். இந்த ஒன்பது நாளும் நான் எழுதுகிற நேரமெல்லாம் பேத்தி என் பொறுப்பு. இடது கை ஏணைக் கயிற்றில் இருக்கிறது. தாளைப் பிடிக்கக் கை இல்லை, அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே மூலையில் இருக்கிற மைக்கறை அவளுடைய கை. முந்தநாள் தவழ்ந்து வந்து அப்பிவிட்டாள். அழிக்க மனம் வரவில்லை. நீ கடைசியாகப் பிடித்த கையைவிட அது எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று உன் விரலை வைத்துப் பார்.

அவள் எழும்பிவிட்டாள், நான் நிறுத்த வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ரெயில் வரும் நேரத்துக்கு நான் சுன்னாகம் ஸ்டேசனில் நிற்பேன். நீ இறங்கினால் எனக்கு எழுதுகிற வேலை இல்லை. இறங்காவிட்டால் வீட்டுக்கு வந்து அடுத்த கடிதத்தைத் தொடங்குவேன். அதிலும் இதே கதை தான் இருக்கும். எழுத்து இதைவிட நேராக இருக்கும் என்று மட்டும் எதிர்பாராதே. ஏணைக் கயிறு அப்போதும் என் கையில் தான் இருக்கும்.

உன் அப்பு